உறையும் வட்டும்

பலாப்பழத்தின் தோலை விரும்பி எவரும் பழத்தை வாங்குவதில்லை. முள் நிறைந்த தோலை நீக்கிச் சுளையை உண்பதும், தோலைக் குப்பைக்கு அனுப்புவதுமே உலக வழக்கம். திரைப்பட வட்டுகளுக்கும் இவ்வழக்கம் பொருந்துமா? படம் இருப்பது வட்டில். அவ்வட்டைத் தாங்கும் நெகிழிப் பெட்டியும், பெட்டியின்மேல் செருகப்பட்டுள்ள வண்ணத் தாளும் வெறும் தோல்தாமா? கேட்பதற்கு எளிய வினாவே இது. ஆயினும், ஈப்போ நகரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு இதற்கு விடை காண ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தேவைப்பட்டது.

ஆசிரியர் 34 ஆண்டுகள் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியவர். ஆடம்பரம் அறியாதவர். அவருடைய வாழ்வில் இருந்த ஒரே வீண்செலவு, அவருடைய மனைவியாரின் சொற்களில் சொல்வதானால், ‘அந்தத் தட்டுகள்’. 1990-களின் பிற்பகுதியில் விசிடி எனப்படும் படவட்டுகள் மலேசியக் கடைத்தெருக்களில் குவியத் தொடங்கியபோது அவரும் வாங்கத் தொடங்கினார். பின்னர் டிவிடி வந்தது, அதையும் வாங்கினார். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய கூடத்தின் ஒரு சுவரை 200 படங்களின் விசிடிகளும் 420 டிவிடிகளும் நிறைத்திருந்தன. சிவாஜியும் எம்.ஜி.ஆரும் அங்கே இருந்தனர். பி. ரம்லியின் மலாய்ப் படங்கள் ஒரு தட்டில் இருந்தன. வங்கத்துச் சத்யஜித் ரேயும் ஜப்பானின் அகிரா குரோசாவாவும் அவற்றிற்கு மேல்தட்டில் இருந்தனர்.

மனைவியார் மறைந்தபின் தனியே வாழ்ந்த தந்தையைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்ல மகள் விரும்பினார். மகளின் வீடோ அடுக்குமாடியில் ஏழாம் மாடியில் இருந்தது. தந்தைக்கு ஒதுக்கப்பட்ட அறை பத்தடிக்குப் பத்தடி. கட்டிலும் அலமாரியும் மேசையும் போட்டபின் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் எஞ்சியது.

“அப்பா, உங்களுக்கு வேண்டியவை படங்கள்தாமே? பெட்டிகளையெல்லாம் எறிந்துவிட்டு வட்டுகளை மட்டும் பையேடுகளில் செருகிக்கொண்டு வாருங்கள். எல்லாம் நான்கைந்து ஏடுகளில் அடங்கிவிடும்” என்றார் மகள்.

“பார்க்கலாம், அம்மா” என்றார் ஆசிரியர். அவர் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் மனம் ஒப்பவில்லை என்று பொருள். அது மகளுக்கும் தெரியும்.

எனினும், மகள் கூறியதில் நியாயம் இருந்தது. ஆசிரியர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு டிவிடிப் பெட்டியின் தடிமன் ஏறத்தாழ 1.4 சென்டிமீட்டர், விசிடிப் பெட்டியின் தடிமன் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். வரிசையாக நிறுத்தினால் அவருடைய சேகரிப்பு ஏறக்குறைய 8 மீட்டர் நீளும். வட்டின் தடிமனோ 1.2 மில்லிமீட்டர்தான். ஒரு விசிடியில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால் தமிழ்ப்படம் ஒவ்வொன்றும் இரண்டு வட்டுகளாவது கொண்டிருந்தது. அவற்றையும் சேர்த்து 820 வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உயரம் ஒரு மீட்டரை எட்டாது. எஞ்சிய இடமெல்லாம் பெட்டிக்கும் காற்றுக்கும் உரியது! 34 ஆண்டுகள் மாணவர்க்குக் கணக்கும் கற்பித்த மனிதருக்கு இந்த விடை நாணத்தைத் தந்தது.

மகளின் பக்கம் பேசும் சான்று உலகிலும் உண்டு. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் டிவிடிகளை அஞ்சல்வழி வாடகைக்கு அனுப்பத் தொடங்கியது. 2023 செப்டம்பர் 29-ஆம் நாள் கடைசி வட்டை அனுப்பும்வரை, இருபத்தைந்து ஆண்டுகள் அச்சேவை நடைபெற்றது. அந்த வட்டுகள் பெட்டியின்றி, அட்டைப்படமின்றி, மெல்லிய தாளுறையில் மக்களின் வீடுகளுக்குச் சென்றன. படம் பார்த்தவர்கள் அட்டையில்லையே என்று வருந்திப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. படம் பார்ப்பவனுக்கு உறை இன்றியமையாதது அன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அந்தத் தாளுறையிலும் படத்தின் பெயரும் கதைச் சுருக்கமும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றையும் நீக்கிவிட அந்நிறுவனத்தால் இயலவில்லை.

வெறும் தாளுறையிலிருந்து வண்ண உறை பிறந்ததும் ஒரு வரலாறு. இசைத்தட்டுகள் தொடக்க காலத்தில் பழுப்புத் தாளிலும் சாம்பல் நிற அட்டையிலும் விற்கப்பட்டன. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டெயின்வைஸ் என்ற ஓவியர், இசைக்கேற்ற ஓவியத்தை உறையின்மேல் வரைந்து புதுவழி கண்டார். 1978-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் வட்டு, இசைத்தட்டைப் போலவே 30 சென்டிமீட்டர் அகலம் கொண்டிருந்தது. ஆகவே அதன் உறையும் சுவரில் மாட்டத்தக்க ஓவியமாக விளங்கியது. டிவிடி 1996-இல் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் வெளிவந்தபோது வட்டு 12 சென்டிமீட்டராகச் சுருங்கியது. உறைப்படத்தின் பரப்பும் பழைய அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிற்று. இன்று இணையவழிப் படம் பார்ப்போர்க்கு அது கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவே காட்சியளிக்கிறது. உறை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் முற்றாக மறைந்துவிடவில்லை.

ஆசிரியர் ஒரு சோதனை செய்து பார்க்க எண்ணினார். மாணவர்க்குப் பாடம் நடத்துமுன் தாமே செய்துபார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. 60 படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பையேடு ஒன்றில் செருகினார். பெட்டிகளை ஒரு சாக்கில் கட்டிப் பின்கட்டில் வைத்தார், எறியவில்லை.

மூன்று வாரம் கடந்தது. ஒருநாள் மாலை, எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பார்க்க விரும்பினார். ஏட்டைப் புரட்டினார். ஒரு வட்டின் முகத்தில் ‘2’ என்ற எண் மட்டும் இருந்தது. மற்றொன்றின் எழுத்து தேய்ந்திருந்தது. இருபுறமும் படம் பதிவான வெளிநாட்டு டிவிடி ஒன்றில் எழுத்தே இல்லை. நடுத்துளையைச் சுற்றிக் கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் சில சொற்கள் ஓடின. ஐந்து வட்டுகளைக் கருவியில் இட்டு எடுத்தபின்தான் வேண்டிய படம் கிடைத்தது. அதற்குள் படம் பார்க்கும் ஆவலே அடங்கிவிட்டது.

அவ்வேளையில் பழைய செய்தி ஒன்று அவருடைய நினைவுக்கு வந்தது. 2007 மார்ச்சு மாதத்தில் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு மோப்ப நாய்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. திருட்டு வட்டுகளின் பதுக்கலைக் கண்டுபிடிப்பதற்கென்றே பழக்கப்பட்டவை அவை. ஜொகூர் பாருவில் பெருந்தொகையான வட்டுகளை அவை மோப்பம் பிடித்துக் காட்டின. வட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் என்ற பொருளின் மணத்தையே அவை அறிந்திருந்தன. ஆகையால், உண்மை வட்டு எது, திருட்டு வட்டு எது என்று பிரித்துக் காட்ட அவற்றால் இயலாது. கட்டபொம்மனும் ஒரே மணம். காதல் கதையும் ஒரே மணம். பையேட்டின் முன் அமர்ந்திருந்த ஆசிரியரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. வட்டுகள் இருப்பது தெரிந்தது; எது எது என்பது தெரியவில்லை.

புத்தகத்தோடு ஒப்பிட்டால் இதன் காரணம் விளங்கும். மேலட்டை கிழிந்த புத்தகத்தையும் திறந்து ஒரு பக்கம் படித்தால் அது இன்னதென்று தெரிந்துவிடும். அதன் உள்ளீடு கண்ணுக்குத் தெரியும் எழுத்து. வட்டின் உள்ளீடோ கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள். கருவி ஒன்று படித்துச் சொன்னாலன்றி மனிதனுக்கு அது ஊமை. அந்த ஊமையின் சார்பாகப் பேசும் ஒரே வாய் உறைதான். வட்டோடு வரும் பொருள்களுள் மனிதக் கண் நேரே படிக்கக்கூடியது அது ஒன்றே.

பேசுகின்ற வாய் எப்போதும் மெய்யே பேசும் என்பதில்லை. ஆசிரியரின் சேகரிப்பிலேயே அதற்குச் சான்று இருந்தது. ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத படம். தமிழ்த் திரையுலகில் அத்தகைய முதல் முயற்சி என்று போற்றப்படுவது. அவர் வாங்கிய வட்டின் உறையிலோ ‘இனிய பாடல்கள் நிறைந்த படம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்! இரவுச் சந்தையில் விற்ற திருட்டு வட்டுகளின் உறைகளோ இதனினும் கொடியவை. உறையில் முகங்கள் பளபளக்கும். உள்ளே, திரையரங்கில் ஒளித்துப் பிடித்த மங்கிய காட்சியும் பார்வையாளரின் இருமலும் இருக்கும். உறையின் அழகை நம்பி ஏமாந்தவர் பலர். அக்காலத்தில் உள்நாட்டு வாணிப அமைச்சின் முத்திரைச் சீட்டு உறையின்மேல் ஒட்டப்பட வேண்டியிருந்ததும் இதனால்தான். உறை பேசுவதை உறுதிப்படுத்த உறையின்மேலேயே ஒரு சாட்சி தேவைப்பட்டது.

உறையைத் தெய்வமாக்கிவிட்டவர்களும் உள்ளனர். டென்மார்க்கில் தோன்றிய ‘ஸ்டீல்புக்’ என்ற உலோகப் பேழைகளை இன்று உலகெங்கும் சேகரிக்கிறார்கள். அவர்களுள் சிலர் ஒரே படத்தை ஐந்து வேறு பேழைகளுக்காக ஐந்து முறை வாங்குகிறார்கள். மேலே சுற்றிய நெகிழித்தாளைக் கிழித்தால் மதிப்புக் குறையும் என்று பேழையைத் திறப்பதே இல்லை. சில ஆடம்பரத் தொகுப்புகளில் அட்டைப் பிளவுக்குள் வட்டை இறுகச் செருகியிருப்பார்கள். எடுக்கும்போதெல்லாம் வட்டின் முகம் கீறுபடும். உறையின் முதற்கடமை வட்டைக் காத்தல். அக்கடமையை மறந்த உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் பழுதுடையதே. திறக்கப்படாத பேழையை வைத்திருப்பவர் சேகரிப்பது தகரத்தை; திரைப்படத்தை அன்று. இதில் ஆசிரியருக்கு ஐயம் இருந்ததில்லை.

ஆனால், உறை ஓவியத்தை வணிகத் தந்திரம் என்று முற்றாக ஒதுக்கவும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. மேல்தட்டிலிருந்த ரேயின் வாழ்க்கை அவருக்கு நன்கு தெரியும். திரைப்படத் துறைக்கு வருமுன் சத்யஜித் ரே கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றினார். புத்தகங்களுக்கு மேலட்டை வரைந்தார். 1940-களில் விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரையும் பணி அவரிடம் வந்தது. அந்த ஓவியங்களை வரைந்தபோதுதான் அக்கதை அவருடைய உள்ளத்தில் திரைப்படமாக வேரூன்றியது. 1955-இல் அப்படம் வெளிவந்து உலகின் பாராட்டைப் பெற்றது. பிற்காலத்திலும் தம் படங்களின் சுவரொட்டிகளை ரே தாமே வடிவமைத்தார். 1960-இல் வந்த ‘தேவி’ படத்தின் சுவரொட்டியில் ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் இருக்கும். தெய்வமென்று வணங்கப்பட்டதால் சிதைந்த பெண்ணின் கதையை அந்த ஒரு முகம் சொல்லிவிடுகிறது. இத்தகைய ஓவியத்தைத் தோல் என்று உரித்தெறிய முடியுமா?

அமெரிக்காவில் 1984-இல் லேசர் வட்டுகளோடு தொடங்கிய ‘கிரைட்டீரியன்’ வெளியீடுகள் இந்த உண்மையை உணர்ந்து வளர்ந்தவை. அவற்றின் டிவிடிப் பெட்டிகளின் முதுகில் வரிசை எண் அச்சிடப்படும். படத்தை ஆழ்ந்து உணர்ந்த ஓவியர்களைக் கொண்டு முகப்பு வரையப்படும். உள்ளே வைக்கப்படும் சிற்றேட்டில் அறிஞர் கட்டுரையும், படம் எவ்வாறு மீட்டெடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். ஆசிரியரிடம் அத்தகைய பெட்டிகள் 11 இருந்தன. அமெரிக்காவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியவை அவை. அவ்வேடுகளைப் படித்தே உலகத் திரைப்படத்தைக் கற்றதாக ஆசிரியர் சொல்வதுண்டு.

இவ்வாறு இரு பக்கமும் எண்ணி முடிவு காணாதிருந்த வேளையில், அவர் தம் நண்பரின் மகனைக் காணத் தஞ்சோங் ரம்புத்தானுக்குச் சென்றார். நண்பரும் ஒரு சேகரிப்பாளர். இரண்டாண்டுகளுக்கு முன் இறந்தவர். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தம்மிடமிருந்த முந்நூறு படங்களையும் பெட்டி நீக்கிப் பைகளில் போட்டு வைத்திருந்தவர். ‘எது எங்கே என்பது என் மனத்தில் இருக்கிறது’ என்று பெருமையோடு சொல்வார்.

வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்திகளும் பயற்றங்கொடிகளும் செழித்திருந்தன. பந்தலின் குறுக்கே கட்டிய கயிறுகளில் வட்டுகள் தொங்கின. காற்றில் அவை சுழன்று வெயிலை வீசியெறிந்தன. பறவைகள் அஞ்சி விலகின.

“அப்பாவின் பையில் நிறைய இருந்தன, சார். என்ன படம் என்று யாருக்கும் தெரியவில்லை. எறிய மனம் வரவில்லை, இதற்காவது பயன்படட்டுமே என்று கட்டிவிட்டேன்” என்றான் மகன். அவன் குரலில் குற்ற உணர்வு இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை. தந்தையின் நினைவை அவமதிக்க அவன் எண்ணவில்லை. அவன் கண்ணுக்கு அவை வெள்ளித் தட்டுகள், அவ்வளவே.

ஆசிரியர் ஒரு வட்டைக் கையால் பிடித்து நிறுத்திப் பார்த்தார். வெயிலில் அதன் முகம் வெளுத்திருந்தது. ‘நாடோடி மன்னன்’ ஆக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். நண்பரின் மனத்தில் இருந்த பட்டியல் நண்பரோடு போய்விட்டது.

வீடு திரும்பும் வழியில் அவருடைய வினாவுக்கு விடை கிடைத்தது. சேகரிப்பவன் தனக்காக மட்டும் சேகரித்தால் உறை வேண்டுவதில்லை. அவனுடைய நினைவே உறையாகப் பயன்படும். பிறர்க்கு விட்டுச்செல்லச் சேகரித்தால் உறை இன்றியமையாதது. அவன் இல்லாத வீட்டில், அவனுக்குப் பதிலாக நின்று ‘இது இன்ன படம், இன்னார் எடுத்தது, இதனால் பார்க்கத் தக்கது’ என்று சொல்லப்போவது அதுதான்.

பெட்டி வேறு, உறைத்தாள் வேறு என்ற வேறுபாடும் அப்போதே அவருக்குத் தெளிவாயிற்று. இடத்தை அடைப்பது நெகிழிப் பெட்டி. பேசுவதோ அதன்மேல் செருகிய தாள். ஆகவே, நெகிழியைத் துறந்து தாளைக் காப்பதென்று முடிவு செய்தார். வட்டுக்கு மென்துணி வைத்த ஓர் அறையும், உறைத்தாளுக்கு மற்றோர் அறையும் கொண்ட தெளிந்த பைகள் கடையில் கிடைத்தன. ஒவ்வொரு படத்தையும் அதன் உறைத்தாளோடும் சிற்றேட்டோடும் அப்பையிலிட்டு, பெயரின் அகர வரிசைப்படி அடுக்கினார். பொய் சொன்ன உறையையும் எறியவில்லை. ‘இப்படத்தில் பாடல் இல்லை’ என்று பென்சிலால் அதன் ஓரத்தில் திருத்தம் எழுதினார். ஆசிரியர் அல்லவா! இப்பணி முடிய நான்கு மாதங்கள் ஆயின. 8 மீட்டர் நீண்ட சேகரிப்பு, கட்டிலுக்கடியில் தள்ளத்தக்க ஆறு பெட்டிகளுள் அடங்கியது. ரேயின் படங்களும் மாணவர் அனுப்பிய 11 பெட்டிகளும் மட்டும் மேசைமேல் முழுவடிவில் இடம்பெற்றன. அந்த அளவு பற்றை மகளும் பொறுத்துக்கொண்டார்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கோலாலம்பூர் சென்றார். பேர்த்தி அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி. வேண்டும் படத்தைக் கைப்பேசியில் தொட்டுப் பார்த்துப் பழகியவள். தாத்தாவின் பெட்டிகளை அவள் முதலில் பொருட்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையால் வெளியே செல்ல இயலாதபோது, ஒரு பெட்டியை இழுத்துத் தரையில் அமர்ந்து பைகளைப் புரட்டத் தொடங்கினாள். சில உறைகளை விரைந்து தள்ளினாள். சிலவற்றில் சிறிது நின்றாள். பி. ரம்லி 1955-இல் இயக்கி நடித்த ‘பெனாரெக் பேச்சா’ படத்தின் உறையில் அவள் விரல் நின்றது.

“தாத்தா, இது என்ன வண்டி? சைக்கிளா?”

“மிதிவண்டிதான், கண்ணு. முன்னால் ஆள் உட்கார, பின்னாலிருந்து ஒருவர் மிதிப்பார். பேச்சா என்று பெயர். உன் பாட்டியை அதில் ஏற்றித்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன், உன் அம்மா பிறந்தபோது.”

சிறுமி உறையை மீண்டும் உற்றுப் பார்த்தாள். பிறகு வட்டை வெளியே எடுத்து, அதன் வெள்ளி முகத்தில் விரல் படாதபடி ஓரத்தைப் பிடித்துத் தாத்தாவிடம் நீட்டினாள்.

ஆசிரியர் கருவியை இயக்கினார். சமையலறையிலிருந்த மகளும் வந்து வாயிற்படியில் நின்றுகொண்டார். படம் ஓடி முடியும்வரை உறைத்தாள் பேர்த்தியின் மடியிலேயே இருந்தது.